நாம் இந்தியர், அதுவே போதும்

ஆங்கிலத்தில் 'இந்தியன்' என்பது எளிய சொல். இன்று அதனைக் கேட்போர் பெரும்பாலும் நம் நாட்டவரையே நினைப்பர். அதே சொல்லை ஸ்பானிய மொழியில் பெயர்க்கப் புகுவோர்முன் இரண்டு சொற்கள் வந்து நிற்கின்றன. ஒன்று 'இந்தியோ', மற்றொன்று 'இந்தூ'. முதற்சொல் இந்திய நாட்டவரையும் குறிக்கும். அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்களையும் குறிக்கும். இரண்டாவது சொல் இந்து சமயத்தவருக்கு உரியது. அதன் முதலில் 'ஹ'கரம் எழுதப்பட்டாலும் ஸ்பானியர் அதனை ஒலிப்பதில்லை; ஆகவே நம் செவியில் விழுவது நாம் நாள்தோறும் சொல்லும் 'இந்து'வேதான்.

இவ்விரண்டில் எதனைத் தேர்வது என்பது பார்வைக்கு மொழிபெயர்ப்பாளரின் சிறு சிக்கல். ஆனால் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பேச்சிலும் ஏடுகளிலும் வேரூன்றிவிட்ட வழக்கம் என்ன? இந்திய நாட்டவர் எவராயினும், அவர் முஸ்லிமாகட்டும், சீக்கியராகட்டும், கிறிஸ்தவராகட்டும், அவர் 'இந்தூ'! இந்திய உணவு 'இந்தூ' உணவு. இந்தியத் திரைப்படம் 'இந்தூ' திரைப்படம். பேச்சு வழக்கில் இந்தியர் பேசும் மொழியும்கூட 'இந்தூ'. இவ்வழக்கின்படி, நம் ஊரிலிருந்து மறைப்பணிக்குச் சென்ற அருள்பணியாளர் ஒருவர் அங்கே 'இந்தூ குரு' ஆகிறார். நம் அருள்சகோதரி ஒருவர் 'இந்தூ கன்னியர்' ஆகிறார். இவ்வழக்கம் தவறானது, அதனை வாளாவிருந்து ஏற்பது அதனினும் தவறானது என்பதே நம் துணிபு.

"ஒரு சொல்தானே! அன்போடு அழைக்கிறார்கள், எப்படி அழைத்தால் என்ன?" என்று கேட்போர் உண்டு. அன்பை நாம் ஐயுறவில்லை. ஒரு பங்கின் மக்கள் தங்கள் புதிய பங்குத்தந்தையை அவ்வாறு சுட்டும்போது அதில் பகையும் இல்லை, ஏளனமும் இல்லை. ஆனால் பகையின்றிச் சொல்லப்பட்ட பிழை பிழையில்லாமல் போய்விடுமா? ஒரு நாட்டில் பிறந்தமைக்கும் ஒரு சமயத்தைச் சார்ந்தமைக்கும் ஒரே பெயரை இட்டுவிட்டால், அந்நாட்டில் பிறந்து அச்சமயத்தைச் சாராதவர் எங்கே நிற்பார்? அவருக்கு அம்மொழியில் இடமே இல்லாமற் போகிறதே! 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் இந்துக்கள் 79.8 விழுக்காட்டினர். அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இந்து அல்லர். கிறிஸ்தவர் மட்டுமே 2 கோடியே 78 இலட்சம் பேர். இத்துணை மக்களை ஒரு சொல்லால் இல்லாதவராக்குவது சிறு செய்தியா?

மறைசாட்சியான புனித தேவசகாயத்தை எண்ணிப் பாருங்கள். நட்டாலத்தில் 1712 ஆம் ஆண்டில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, 1745 ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஆம் ஆண்டில் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவ்வறிவிப்புக்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயர் நீக்கப்பட வேண்டும் என்னும் வேண்டுகோள் உரோமைக்குச் சென்றது; அது ஏற்கவும் பட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று திருச்சபை அன்று சொல்லவில்லை. இப்பொழுது அந்த ஸ்பானிய வழக்கின்படி அவரை எவ்வாறு அழைப்பது? 'இந்தூ மறைசாட்சி' என்றா? எந்த நம்பிக்கையைத் தழுவியதற்காக அவர் உயிர் நீத்தாரோ, அந்த நம்பிக்கையையே அச்சொல் மறைத்துவிடுமன்றோ! அவர் இந்தியர் என்பதையும் கிறிஸ்தவர் என்பதையும் ஒருசேரச் சொல்ல முடியாத ஒரு சொல் அவருக்குப் பொருந்துமா?

கொலம்பசு விட்டுச் சென்ற சிக்கல்

இந்தக் குழப்பத்தின் வேர் 500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1492 அக்டோபர் 12 அன்று கரிபியத் தீவொன்றில் கால்வைத்த கொலம்பசு, தாம் ஆசியாவின் கரையை அடைந்துவிட்டதாகவே எண்ணினார். அங்கே கண்ட மக்களை 'இந்தியோ' என்றார். பிழை பின்னர்த் தெளிந்தது, பெயர் மாறவில்லை. 1524 ஆம் ஆண்டில் அக்கண்டத்தை ஆள ஸ்பானிய அரசு நிறுவிய அவையின் பெயர் 'இந்தியாக்களின் அவை'. அவ்வாட்சியின் ஆவணங்களைக் காக்க 1785 ஆம் ஆண்டில் செவில் நகரில் அமைந்த காப்பகம் இன்றும் 'இந்தியாக்களின் பொது ஆவணக்காப்பகம்' என்றே வழங்குகிறது. அதனுள் அடுக்கப்பட்டிருப்பவை பெரும்பாலும் மெக்சிகோவும் பெருவும் போன்ற நாடுகளின் தாள்கள்!

திருச்சபையின் ஏடுகளும் இதற்கு விலக்கல்ல. 1537 ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் பவுல் தம் புகழ்பெற்ற மடலில், 'இந்தியர்' மெய்யான மாந்தரே என்றும், கிறிஸ்துவை அறியாதிருப்பினும் அவர்தம் உரிமையையும் உடைமையையும் பறித்தலாகாது என்றும் முழங்கினார். அங்கே பேசப்பட்ட இந்தியர் முதன்மையாக மேற்குக் கடலுக்கு அப்பால் இருந்தவர். ஐந்தே ஆண்டுகள் கழிந்து, 1542 ஆம் ஆண்டில், நவார் நாட்டவரான புனித பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் இறங்கி, அங்கிருந்து நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவரை ஸ்பானியர் 'இந்தியாக்களின் திருத்தூதர்' என்று போற்றுகின்றனர். இங்கே 'இந்தியாக்கள்' கீழ்த்திசை நாடுகள். ஒரே பெயர் உலகின் இரு முனைகளிலும் ஒட்டிக்கொண்டது.

1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவைகளில் அறையப்பட்ட 26 மறைசாட்சியரில் இருவரை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஒருவர் மும்பைக்கு அருகிலுள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. மற்றவர் மெக்சிகோ நகரில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்த பிலிப். இருவரும் பிரான்சிஸ்கன் சபையினர். இருவரும் 1862 ஆம் ஆண்டில் ஒரே நாளில் புனிதராயினர். ஒருவர் கீழை இந்தியாவின் மகன். மற்றவர் மேலை இந்தியாவின் மகன். ஒரு மாலுமியின் கணக்குப் பிழை இவ்விருவர் பிறந்த மண்ணுக்கும் ஒரே பெயரைச் சூட்டியிருந்தது.

நம் பக்கத்து ஆசியாவிலும் இப்பெயர் பரவியது. பிலிப்பீன்சு நாட்டு மக்களையும் ஸ்பானியர் 'இந்தியோ' என்றே அழைத்தனர். அழைத்த குரலில் இகழ்ச்சி கலந்திருந்தது. ஹோசே ரிசாலும் அவர் தோழர்களும் 1889 ஆம் ஆண்டில் பாரிசில் கூடி, 'வீர இந்தியோக்கள்' என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு அந்த இகழ்ச்சியைத் திருப்பியடித்தனர் என்பது வரலாறு.

இகழ்ச்சியே இச்சிக்கலின் அடுத்த படி. குடியேற்ற ஆட்சி நெடுகிலும் 'இந்தியோ' என்பது வரி செலுத்துபவன், கட்டாய வேலைக்கு இழுக்கப்படுபவன், கல்வியற்றவன் என்னும் பொருள்களைச் சுமந்து, இறுதியில் வசைச் சொல்லாகவே ஆயிற்று. பெரு நாட்டில் 1969 ஜூன் 24 அன்று, திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா நாளில், நிலச்சீர்திருத்தச் சட்டத்தை அறிவித்த வெலாஸ்கோ ஆட்சி, அதுவரை 'இந்தியோ நாள்' எனக் கொண்டாடப்பட்ட அந்நாளை 'உழவர் நாள்' எனப் பெயர் மாற்றியது. நிலத்தைத் திருப்பித் தரும்போது பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது. அத்துணை ஆழமாக அச்சொல் புண்படுத்தியிருந்தது.

இத்தகைய நிலையில் இந்தியாவிலிருந்து வந்த ஒருவரை 'இந்தியோ' என்று அழைக்க அந்நாட்டு மக்கள் கூசினர். பொருள் மயக்கம் ஒருபுறம். வசையாகிவிடுமோ என்னும் அச்சம் மறுபுறம். பிரெஞ்சு மொழி வழியாக ஸ்பானியத்துக்குள் நுழைந்திருந்த 'இந்தூ' என்னும் சொல் கைக்கெட்டியது, எடுத்துக்கொண்டனர். இதனை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் ஒரு பிழையிலிருந்து தப்ப மற்றொரு பிழைக்குள் புகுவதை எவ்வாறு சரியென்போம்? கொலம்பசு அமெரிக்கரை இந்தியராக்கினார். அவர் பிழையைத் திருத்தப் போந்தவர்கள் இந்தியரையெல்லாம் இந்துக்களாக்கிவிட்டனர்!

அகராதியின் சலுகை

1713 ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்பானிய அரச மொழிக்கழகம் இதுபற்றி என்ன சொல்கிறது? அது பிற ஸ்பானிய நாடுகளின் கழகங்களோடு சேர்ந்து 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐயந்தீர் அகராதி, இந்திய நாட்டவருக்கு உரிய சொல் 'இந்தியோ' என்றும், 'இந்தூ' என்பது இந்து சமயத்தைப் பின்பற்றுவோரைக் குறிப்பது என்றும் தெளிவாகவே கூறுகிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்நாட்டின் பெரும்பான்மைச் சமயம் அதுவாகையால், பொருட் குழப்பம் நேராத இடங்களில் நாட்டவரைக் குறிக்கவும் அச்சொல்லை வழங்கலாம் என்று ஒரு சலுகையையும் சேர்த்துக்கொள்கிறது.

இந்தச் சலுகையைத்தான் நாம் மறுக்கிறோம். குழப்பம் நேராத இடம் எது? அதனை யார் முடிவு செய்வது? பெரும்பான்மையினருக்குக் குழப்பம் இல்லை, உண்மைதான். குழப்பம் நேர்வது எப்பொழுதும் சிறுபான்மையினருக்கே. ஒரு நாட்டின் பெரும்பான்மைச் சமயத்தின் பெயரை அந்நாட்டவர் அனைவருக்கும் இடலாம் என்பது விதியானால், அவ்விதியை ஸ்பானியர் தமக்கும் பொருத்திக்கொள்வார்களா? ஸ்பெயின் நாட்டவர் அனைவரையும், யூதரும் முஸ்லிமும் நம்பிக்கையற்றவரும் உட்பட, 'கத்தோலிக்கர்' என்று அழைத்தால் அவர்கள் இசைவார்களா? தமக்கு ஒவ்வாததைப் பிறருக்கு விதிப்பது நெறியன்று.

மறுப்போர் கூறும் காரணங்களையும் நேர்மையோடு எடுத்து ஆராய்வோம்.

முதற்காரணம்: 'இந்து', 'இந்தியா' இரண்டும் சிந்து நதியின் பெயரிலிருந்தே பிறந்தவை, பாரசீகர் வாயில் 'ஹிந்து' என்பது முதலில் நிலத்தைக் குறித்ததேயன்றிச் சமயத்தைக் குறித்ததன்று, ஆகவே பழம்பொருளில் அழைப்பதில் குற்றம் என்ன? இது சொற்பிறப்பு நூலுக்கு ஏற்ற வாதம்; வாழ்வுக்கு ஏற்றதன்று. சொற்கள் பிறந்த இடத்தில் நிற்பதில்லை. 'நாற்றம்' என்பது ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அதற்காக இன்று விருந்தினரின் மலர்மாலையை 'நாற்றமுடையது' என்று புகழ்வோமா? இன்று இந்து என்றால் ஒரு சமயத்தவர். அச்சொல்லைப் பெருமையோடு தாங்கும் இந்து அன்பர்களும் அப்பொருளிலேயே தாங்குகிறார்கள். அச்சொல்லைத் தளர்த்துவது அவர்களுக்கும் செய்யும் மதிப்பன்று.

இரண்டாம் காரணம்: சமயத்தவரைக் குறிக்க ஸ்பானியத்தில் 'இந்தூயிஸ்தா' என்று தனிச்சொல் ஒன்று இருக்கிறது, ஆகவே 'இந்தூ'வை நாட்டுக்கும் 'இந்தூயிஸ்தா'வைச் சமயத்துக்கும் ஒதுக்கிவிடலாம் என்பர். கேட்க அழகிய பங்கீடு. ஆனால் மக்கள் அதன்படி பேசுவதில்லையே! அதே அகராதிகளில் 'இந்தூ'வுக்குச் சமயப் பொருளும் நிற்கிறது. எல்லை இல்லாத வயலை இருவருக்குப் பிரித்துக் கொடுத்ததாக எழுதி வைப்பதால் வழக்கு தீர்ந்துவிடுமா?

மூன்றாம் காரணம்: இதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை என்பது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஆங்கிலமும் ஒருகாலத்தில் இதே பிழையைச் செய்தது. அதன் விளைவுகள் ஏட்டில் உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1920, 1930, 1940 ஆகிய மூன்று முறையும் 'இந்து' என்பதை ஓர் இனமாகவே பதிவு செய்தது. அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1923 ஆம் ஆண்டில் குடியுரிமை மறுத்த பகத் சிங் திந்த் ஒரு சீக்கியர். அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். தீர்ப்பின் ஏட்டிலோ அவர் 'உயர்சாதி இந்து'. தன் சமயம் எதுவென்றுகூட அறியாத ஏடு ஒன்று தன் குடியுரிமையைத் தீர்மானிப்பதை அவர் காண நேர்ந்தது.

கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் நடந்தது நம் நெஞ்சைத் தொடுவது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து அங்கு உழவுத் தொழிலுக்குச் சென்ற ஆடவர், குடிவரவுச் சட்டங்களின் கடுமையால் தம் ஊரிலிருந்து பெண் எடுக்க இயலாமல், ஸ்பானியம் பேசும் மெக்சிகோ நாட்டுப் பெண்களை மணந்தனர். கணவர் பெரும்பாலும் சீக்கியர், சிலர் முஸ்லிம்கள். மனைவியர் கத்தோலிக்கர். பிள்ளைகள் பெரும்பாலும் கத்தோலிக்கராகவே திருமுழுக்குப் பெற்று, ஞானப் பெற்றோரின் கைபிடித்து வளர்ந்தனர். அந்தக் குடும்பங்களுக்கு ஊரார் இட்ட பெயர் 'மெக்சிகோ இந்துக்கள்'. தந்தையும் இந்து அல்லர், தாயும் இந்து அல்லர், பிள்ளைகளும் அல்லர். ஆயினும் பெயர் அதுவே! ஆங்கிலம் இன்று அப்பிழையைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. ஸ்பானியமும் கைவிட இயலும் என்பதற்கு இதுவே சான்று.

எது சரியான சொல்?

மறுப்பதோடு நில்லாமல் வழியும் காட்ட வேண்டுமன்றோ! வழி எளிது. ஸ்பெயின் நாட்டில் 'இந்தியோ' என்பதை இந்திய நாட்டவருக்கு வழங்குவதில் தடையில்லை. அங்குள்ள ஏடுகள் வழங்கியும் வருகின்றன. இலத்தீன் அமெரிக்காவிலோ, அச்சொல் அந்நாட்டுப் பழங்குடி மக்களின் புண்ணைக் கீறும் இடங்களில், 'தெ லா இந்தியா' என்று சொன்னால் போதும். 'இந்தியாவைச் சேர்ந்த' என்பது பொருள். 'இந்தியாவைச் சேர்ந்த அருள்பணியாளர்', 'இந்தியாவைச் சேர்ந்த செவிலியர்' என்பதில் எவருக்கும் மயக்கம் இல்லை. எவருக்கும் இழிவும் இல்லை. 'இந்தூ' என்பது அதற்கு உரிய இந்து அன்பர்களிடமே இருக்கட்டும்.

அதேபோல் அமெரிக்கக் கண்டத்தின் முதற்குடிகளுக்கு அவர்களுக்கு உரிய பெயர் கிடைக்க வேண்டும். கெச்சுவா, மாயா, நாகுவா, குவரானி என அவர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. பொதுவாகச் சொல்ல வேண்டின் 'இந்தீஹெனா' என்னும் சொல் இருக்கிறது. அது மண்ணின் மைந்தர் எனப் பொருள்படும் பழைய இலத்தீன் சொல்லேயன்றி இந்தியாவோடு தொடர்புடையதன்று. ஒலி ஒத்திருப்பது தற்செயலே. 2002 ஜூலை 31 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட ஹுவான் தியேகோவை அக்கண்டத்தின் முதல் பழங்குடிப் புனிதர் எனத் திருச்சபை கொண்டாடுகிறது. 2015 ஜூலையில் பொலிவியாவின் சாந்தா குரூஸ் நகரில் திருத்தந்தை பிரான்சிஸ், நாடுபிடிப்புக் காலத்துக் கொடுமைகளுக்காக மன்னிப்பு வேண்டியபோது, 'மூலக்குடி மக்கள்' என்னும் பொருள்படும் ஸ்பானியத் தொடரையே ஆண்டார். அர்ஜென்டீனாவில் பிறந்து அம்மொழியிலேயே வளர்ந்த அவர் 'இந்தியோ' என்னும் எளிய சொல்லைத் தவிர்த்தது பொருளுடையது. மன்னிப்புக் கேட்பவர் எவரையும் பிழையான பெயரால் அழைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க இயலாது.

நீதி கேட்போர் நீதி செய்யவும் வேண்டும். தமிழ் நூல்களிலும் ஏடுகளிலும் 'செவ்விந்தியர்' என்னும் சொல் இன்னும் தலைகாட்டுகிறது. ஆங்கிலேயர் தோலின் நிறம் சொல்லி இட்ட பெயரின் நேர் பெயர்ப்பு அது. ஆங்கிலத்திலேயே மதிப்பிழந்துவிட்ட அப்பெயரைத் தமிழ் ஏன் காக்க வேண்டும்? 'அமெரிக்கப் பழங்குடியினர்' என்றோ, 'அமெரிக்க முதற்குடிகள்' என்றோ எழுதுவதில் தமிழுக்கு என்ன குறை? ஸ்பானியர் நமக்குத் தர வேண்டிய மதிப்பை, நாம் கெச்சுவா மக்களுக்கும் மாயா மக்களுக்கும் தரக் கடமைப்பட்டுள்ளோம்.

வடபுலத்தார் சிலர் விந்தியத்துக்குத் தெற்கே உள்ளோர் அனைவரையும் 'மதராசி' என்று ஒரே சொல்லில் கட்டியபோது நமக்கு எழுந்த சினத்தை நாம் மறக்கவில்லை. மலையாளியும் தெலுங்கரும் கன்னடரும் தமிழரும் அச்சொல்லில் கரைந்து போயினர். அச்சினம் நியாயமானதென்றால், இங்கே நாம் எழுப்பும் மறுப்பும் நியாயமானதே. இதில் எச்சமயத்தின்மீதும் காழ்ப்பு இல்லை. அடுத்த வீட்டு இந்து அன்பரோடு ஒரே தெருவில், ஒரே மொழியில், ஒரே குடியுரிமையில் வாழ்வோர் நாம். அவர் அவராகவும் நாம் நாமாகவும் இருந்துகொண்டே இருவரும் இந்தியராக இருக்கிறோம். இந்த எளிய உண்மையைத்தான் 'இந்தூ' என்னும் ஒற்றைச் சொல் அயல்நாட்டார் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஆகவே, இலத்தீன் அமெரிக்காவில் பணிபுரியும் மக்களைப் பெற்ற குடும்பத்தாரே, ஸ்பானியம் பயிலும் இளையோரே, மொழிபெயர்க்கும் அன்பர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிமுகக் குறிப்பிலோ கடிதத்திலோ விழா அழைப்பிதழிலோ 'இந்தூ' என்று கண்டால் பேசாமல் கடந்து போகாதீர்கள். சினமின்றி, சிரித்த முகத்தோடு, உடனே திருத்துங்கள். அங்கே யாரேனும் உங்களைப் பார்த்து, "நீங்கள் இந்தூவா?" என்று கேட்டால், அவர் உங்கள் நாட்டைக் கேட்கிறாரா சமயத்தைக் கேட்கிறாரா என்று திகைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் விடை தரும் இரு சிறு தொடர்களை அம்மொழியே வைத்திருக்கிறது: 'சொய் தெ லா இந்தியா, சொய் கத்தோலிக்கோ.' நான் இந்தியாவைச் சேர்ந்தவன், நான் கத்தோலிக்கன். பெண்ணாயின் 'கத்தோலிக்கா' என்க. முதல் தொடருக்கும் இரண்டாம் தொடருக்கும் இடையே முரண் ஏதுமில்லை என்பதைக் கேட்பவர் தாமே கண்டுகொள்வார்.